பாஸ்டிங் 118, எச்பிஏ1சி 8: நடுவில் காணாமல் போன சுகரை சென்சார் வைத்துத் தேடிய கதை

[திரையில்: இடது மேல்கையின் பின்பக்கம், பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டு]

வணக்கம். எனக்குச் சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் வெறும் வயிற்றோடு மும்பை செம்பூரில் வீட்டுக்குப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே ரயிலேறி வேலைக்குப் போய்விடுவேன். சாப்பிட்ட பிறகு எடுக்கும் டெஸ்ட்டுக்கு நேரம் இருக்காது, விட்டுவிடுவேன். பாஸ்டிங் 118, 121, 116 என்று வரும். ஆனால் எச்பிஏ1சி மட்டும் 8-ஐ விட்டு இறங்கவே இல்லை.

இந்த இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, கவனித்தீர்களா? எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்வது. 8 என்றால் சராசரி சுகர் ஏறக்குறைய 183. காலையில் 118 இருக்கிற உடம்பு சராசரியில் 183 ஆக வேண்டுமென்றால், மற்ற நேரங்களில் எங்கேயோ நன்றாக ஏறியிருக்க வேண்டும். எங்கே, எப்போது? அதைக் கண்டுபிடிக்கத்தான் டாக்டர் இந்த சென்சாரை ஒட்டச் சொன்னார். சிஜிஎம் என்பார்கள், அதாவது விடாமல் சுகரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி.

[திரையில்: தோலின் குறுக்கு வெட்டுப் படம்]

இது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் குழப்பம் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒட்டும்போது ஒரு ஊசி உள்ளே போய் உடனே வெளியே வந்துவிடும், தலைமுடி போல ஒரு மெல்லிய இழை மட்டும் தோலுக்கடியில் தங்கும். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி இல்லை. அந்த இழையில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி இருக்கிறது, குளுக்கோஸ் அதன்மேல் பட்டதும் ஒரு வேதிவினை நடந்து மிகச் சின்ன மின்சாரம் பிறக்கும், அந்த மின்சாரத்தின் அளவைத்தான் கருவி சுகர் எண்ணாக மாற்றி ஃபோனுக்கு அனுப்புகிறது. முக்கியமான விஷயம், இந்த இழை ரத்தக்குழாயில் இல்லை. செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரில் இருக்கிறது. ரத்தத்தில் சுகர் ஏறி, அது கசிந்து அந்த நீருக்கு வர ஐந்து, பத்து நிமிஷம் ஆகும், சில சமயம் இன்னும் கொஞ்சம் கூட. ஆக ஃபோனில் தெரிவது இப்போதைய சுகர் இல்லை, சற்று முன்பு இருந்த சுகர்.

அதனால் எண்ணை விட அதன் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். 140, அம்பு நேராகப் படுத்திருக்கிறது என்றால் கவலை இல்லை. அதே 140, அம்பு செங்குத்தாக மேலே நிற்கிறது என்றால் ரத்தத்தில் ஏற்கெனவே அதற்கு மேல் போயிருக்கும்.

சரி, காணாமல் போன சுகருக்கு வருகிறேன்.

[திரையில்: ஃபோன் ஆப்பில் முதல் நாள் கோடு]

காலை ஏழேகாலுக்கு நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார். எட்டு மணிக்குச் செம்பூரில் ஹார்பர் லைன் ரயில். ஏறும்போது கோடு 190-ல் இருக்கிறது. குர்லா, சூனாபட்டி தாண்டி வடாலா வரும்போது 240. சிவ்ரி பக்கத்தில் உச்சம், 258. இதோ இந்த மலை தெரிகிறதா, இதுதான் ஒன்பது வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி-யில் இறங்கி ஃபோர்ட்டில் இருக்கும் ஆபீசுக்குப் பதினைந்து நிமிஷம் நடக்கிறேன், கோடு வளைந்து இறங்க ஆரம்பிக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குள் 130. எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. தலை சுற்றவில்லை, தாகம் இல்லை, ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் இட்லியை விடவில்லை. விடவும் வேண்டாம், தயவுசெய்து. சென்சார் ஒட்டியதும் பயந்துபோய் ஒவ்வொரு சாப்பாடாக நிறுத்திக்கொண்டே போனால் பதினான்கு நாளில் தெரிவது உங்கள் வாழ்க்கையின் சுகர் இல்லை, பட்டினியின் சுகர். முதல் நான்கு நாள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு என்று ஆப்பிலேயே குறித்து வையுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நான் செய்தது: இரண்டு இட்லி, அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். உச்சம் 258-லிருந்து 187-க்கு வந்தது. அடுத்த நாள் அதே சாப்பாடு, சாப்பிட்டவுடன் காலனிக்குள் பத்து நிமிஷம் நடை, 171. இரவு சோற்றுக்கும் அதேதான், பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் குறைவாக வைத்துக்கொண்டபோது மலை மேடானது. இது என் உடம்பின் கணக்கு. உங்கள் உடம்பு இட்லியைப் பொறுத்துக்கொண்டு போஹாவுக்கு, அதாவது தாளித்த அவலுக்கு, குதிக்கலாம், அதை உங்கள் கோடுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்தது. விடிகாலை நாலு மணியிலிருந்து ஏழு மணிக்குள், வாயில் தண்ணீர்கூடப் படாமல், சுகர் 20, 25 ஏறுகிறது. எழுந்திருக்கும் நேரம் நெருங்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியே விடச் சொல்கின்றன, அதனால் வருவது. ராத்திரி என்ன தின்றோம் என்று குற்ற உணர்வோடு யோசிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன், எல்லாமே நீங்கள் தின்றதால் ஏறுவதில்லை.

[திரையில்: இரவுக் கோடு, நடுவில் ஒரு பள்ளம்]

இப்போது சென்சாரை நம்பக் கூடாத நேரங்கள். ஆறாவது நாள் நடுராத்திரி இரண்டேமுக்காலுக்கு ஃபோன் அலறியது. 56. நான் கிளிமிபிரைட் மாத்திரை சாப்பிடுகிறவள், அது சுகரை நிஜமாகவே இறக்கிவிடக்கூடியது, அதனால் என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் எனக்கு நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் 97. நடந்தது என்னவென்றால், இடது பக்கம் ஒருக்களித்து அந்தக் கையின் மேலேயே படுத்திருந்தேன். இழை இருக்கும் இடம் நசுங்கி அந்த நீரின் ஓட்டம் குறைந்ததால் எண் பொய்யாக இறங்கிவிட்டது. திரும்பிப் படுத்த கொஞ்ச நேரத்தில் கோடு தானாக மேலே வந்துவிட்டது.

ஆகவே குளுக்கோமீட்டரைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஒட்டிய முதல் நாள், எண்ணும் உடம்பும் வேறு வேறு சொல்லும்போது, இந்த இரண்டு சமயத்திலும் விரலில் குத்திப் பாருங்கள். உடம்பு நடுங்கி வியர்த்தால் சென்சார் 110 காட்டினாலும் உடம்பைத்தான் நம்ப வேண்டும். நிஜமாகவே 70-க்குக் கீழே போய்விட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் காத்திருங்கள். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்: ரத்தத்தில் ஏறியிருக்கும், சென்சார் பின்தங்கி இன்னும் 62 என்றே காட்டும், பயத்தில் மறுபடி மறுபடி இனிப்பு சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 250-க்குப் போய்விடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிஷம் கழித்து விரல் எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்.

வைட்டமின் சி பற்றி ஒரு வார்த்தை. சளி பிடித்தால் சப்புகிற ஆரஞ்சு மாத்திரை ஒன்றே 500 மில்லிகிராம், ஒரு நாளில் அந்த அளவைத் தாண்டினால் சில சென்சார்கள் சுகரைக் கூட்டிக் காட்டும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் சென்சார் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மும்பைக்காரர்களுக்கு மட்டும்: தோளில் பை மாட்டும் பக்கத்தில் ஒட்டாதீர்கள். என் முதல் சென்சார் குர்லாவில், ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் இடித்துக்கொண்டதில், பை வாரில் மாட்டிப் பாதி பிய்ந்துவிட்டது. ஒட்டும் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தடவி, முழுதாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மே மாத வியர்வைக்கு மேலே ஒரு ஒட்டுப் பட்டை கண்டிப்பாக வேண்டும்.

[திரையில்: பச்சைப் பட்டையோடு 14 நாள் அறிக்கை]

ரிப்போர்ட்டில் டாக்டர் முதலில் பார்த்தது இந்தப் பச்சைப் பட்டையை. 70-க்கும் 180-க்கும் நடுவில் ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பது. பெரும்பாலானவர்களுக்கு 70 சதவீதத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம் இருக்க வேண்டும், 70-க்குக் கீழே 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனக்கு 58 சதவீதம். கோட்டைப் பார்த்து மாத்திரை நேரத்தை அவர் மாற்றினார், நானாக எதையும் மாற்றவில்லை, நீங்களும் மாற்றாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒட்டியபோது 73.

ஒரு சென்சாருக்குச் சுமார் 5,000 ரூபாய் கொடுத்தேன். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் மாதம் முழுக்க இதை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று போதும். இன்சுலின் போடுகிறவர்கள் விஷயம் வேறு. ஆண்டாப் ஹில்லில் இருக்கும் என் அண்ணன் பதினெட்டு வருஷமாக இன்சுலின் போடுகிறார், ராத்திரியில் இறங்கினால் அவருக்கு இப்போது அறிகுறியே தெரிவதில்லை, தனியாகத்தான் படுக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவர் கையில் ஒட்டிவிட்டு வந்தேன். அலாரம் 75-ல் வைத்திருக்கிறேன், அவர் ஃபோனில் அடித்தால் என் ஃபோனிலும் அடிக்கும். நேற்று ராத்திரி ஒன்றரைக்கு அடித்தது. கூப்பிட்டேன். ஐந்தாவது ரிங்கில் எடுத்து, "குத்திப் பார்த்துட்டேன்மா, 68, சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டிருக்கேன்" என்றார்.