ஒரு ரூபாய் கட்டினால் பார்க்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ரிப்பன் மாளிகை, அங்கே இருக்கும் மாநகராட்சி ஆணையர்தான் சென்னையின் மாவட்டத் தேர்தல் அலுவலரும்கூட. வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை என்ற மூன்று மக்களவைத் தொகுதிகளிலும் நின்ற வேட்பாளர்கள், முடிவு வந்த 30 நாளுக்குள் தங்கள் செலவுக் கணக்கை அவரிடம் கொடுக்க வேண்டும். 1 ரூபாய் கட்டணம் கட்டினால் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விதியே அப்படித்தான் சொல்கிறது. எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

தணிக்கை வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். ஒருவரைப் புரிந்துகொள்ள, அவர் பேச்சைவிட அவர் கணக்கையே அதிகம் நம்புவேன்.

வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, பலருக்கும் தெரிந்ததே. சொத்தும் வழக்கும் படிப்பும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னதால் வந்தது அது. 2018-இல் இன்னொரு தீர்ப்பு: வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும். செய்தித்தாள்கள் சொத்து மதிப்பைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, தொழில் என்ற பத்தியைத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அதுதான் முக்கியம். வடசென்னை உறுப்பினர் அறுவை சிகிச்சை மருத்துவர், தென்சென்னை உறுப்பினர் ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் என்றால், அந்த வாழ்க்கை நமக்குப் புரிகிறது. 'சமூக சேவை' என்று மட்டும் எழுதி, கீழே கோடிக்கணக்கில் சொத்துக் காட்டுபவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கத்தான் வேண்டும். அவருக்கோ குடும்பத்தாருக்கோ அரசு ஒப்பந்தம் உண்டா என்பதற்கும் அதே படிவத்தில் இடம் இருக்கிறது.

இனி பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம். தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். டீ, வடை, பிரியாணிப் பொட்டலம், நாற்காலி வாடகை என ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகள் விலைப்பட்டியல் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பார்கள். இவ்வளவு கண்டிப்பும் வேட்பாளருக்கு மட்டும்தான். கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. நட்சத்திரப் பேச்சாளர், அதாவது பிரசாரத்துக்கென்று கட்சி பட்டியல் போட்டுத் தரும் தலைவர், ஹெலிகாப்டரில் வந்து போனால், அந்தப் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தது போலத்தான் இது எனக்குப் படுகிறது.

எந்தக் கணக்கிலும் ஏறாத பணம் வேறு. வாக்காளருக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் பிடிபட்டதால் 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் நின்றது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானது. நம் மாநிலத்துக்கு இது பெரிய தலைகுனிவு.

கட்சிக்கு யார் கொடுக்கிறார்கள்? 2018-இல் வந்த தேர்தல் பத்திரம், அதாவது வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகத் தரும் பத்திரம், அதை மறைத்தே வைத்திருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகுதான், கோவையைச் சேர்ந்த ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியது தெரிந்தது. தி.மு.க. பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனம் தந்தது. அதைக் கட்சியே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. நாட்டிலேயே அதிகம் பெற்ற கட்சி பா.ஜ.க.

2019 தேர்தலில் தி.மு.க. தன் கூட்டணிக் கட்சிகளுக்கு 40 கோடி கொடுத்தது எப்படித் தெரிந்தது? யாரும் துப்பறியவில்லை. ஆணையத்திடம் தாக்கலான செலவுக் கணக்கிலேயே இருந்தது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேட்பாளர் தாக்கல் செய்த கணக்கில், சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி தந்தது எவ்வளவு, மற்றவர்கள் தந்தது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். கட்சி ஆணையத்திடம் தரும் கணக்கில், அதே வேட்பாளருக்குக் கொடுத்த தொகை இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகை ஒத்துப்போகவில்லை என்றால், உங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி, ஏன் என்று கேளுங்கள். வணக்கம்.