பொட்டலம் மடிக்காதீர்கள்: மனச்சோர்வு மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவது

(காட்சி: மருந்துக்கடை மேசை. கண்ணாடியின் மேல் 10 மாத்திரை அட்டை ஒன்று. பக்கத்தில் கிழித்த செய்தித்தாள் துண்டு.)

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் 14 வருடமாக நிற்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்பார்கள்: "தம்பி, அட்டையோட வேணாம். பிரிச்சுப் பொட்டலமா மடிச்சுக் குடுத்துடு."

சர்க்கரை மாத்திரைக்கு யாரும் இதைக் கேட்பதில்லை. பிரஷர் மாத்திரைக்கும் இல்லை. மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிய மாத்திரைக்கு மட்டும்தான். மாமியார் கண்ணில் படக் கூடாது, பிள்ளைக்கு வரன் பார்க்கிற நேரம், பக்கத்து வீட்டில் தெரிந்தால் பேச்சு ஆகிவிடும். காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் பிரித்துக் கொடுப்பதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

முதலில் பெயர் விஷயம். நம் பக்கம் இதை 'நரம்பு மாத்திரை' என்பார்கள், இல்லாவிட்டால் 'தூக்க மாத்திரை'. இரண்டுமே சரியில்லை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின், இந்த மூன்றும்தான் எங்கள் கடையில் அதிகம் போகின்றன. மூன்றும் தூங்க வைப்பதற்காக வந்தவை அல்ல. ஃப்ளூவாக்செட்டின் சிலருக்கு வருகிற தூக்கத்தையும் கெடுக்கும். அதனால்தான் பெரும்பாலும் அதைக் காலையில் போடச் சொல்கிறார்கள்.

(காட்சி: இரண்டு நரம்பணுக்களின் படம். நடுவில் சிறிய இடைவெளி.)

மூளையில் ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் சேதி சொல்லும்போது, செரட்டோனின் என்ற பொருளை இந்த இடைவெளியில் விடுகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு பம்ப் இருக்கிறது. மாத்திரை அந்தப் பம்பை அடைக்கிறது. செரட்டோனின் இன்னும் கொஞ்ச நேரம் இடைவெளியில் தங்குகிறது. முதல் மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்திலேயே இது நடந்துவிடும்.

ஆனால் மனசு லேசாக 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய 6, 8 வாரம்கூட ஆகலாம். மூளை தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ள அவ்வளவு நாள் பிடிக்கிறது. செரட்டோனின் குறைந்துபோச்சு, மாத்திரை அதை நிரப்புது என்று சொல்வது ரொம்பவே சுருக்கிய பேச்சு. வெறுமனே நிரப்புகிற வேலை என்றால் மறுநாளே சரியாகியிருக்க வேண்டுமே.

அப்புறம் இன்னொன்று. நம் உடம்பில் இருக்கிற செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. அதனால் மாத்திரை முதலில் வயிற்றில்தான் தெரியும். குமட்டல், இளகின மலம், பசியின்மை. கூடவே தலைவலி, கை லேசாக நடுங்குவது, ராத்திரி வியர்வை, காரணமில்லாத படபடப்பு. இவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். ஆக, தொந்தரவு முதல் நாளே வந்துவிடுகிறது, நல்லது மூன்றாவது வாரம்தான் வருகிறது. நடுவில் இருக்கிற அந்த நாட்களில்தான் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

என் அத்தையும் அப்படித்தான் விட்டார். சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்ததால் சொல்கிறேன். வீடு முதுநகரில். மாமா போனபின் ஒரு வருடம் சரியாகச் சாப்பிடவில்லை, வாசல் தெளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. டாக்டர் செர்ட்ராலின் எழுதினார். ஐந்தாம் நாள் "ஒத்துக்கல" என்று நிறுத்திவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. மீதி அட்டை உளுந்து டப்பாவுக்குள் இருந்தது. அப்புறம் ஆறு மாதம் அதே இருட்டு. காலையில் இட்லி சாப்பிட்டபின் போட்டிருந்தாலோ, பாதி அளவில் தொடங்கலாமா என்று டாக்டரைக் கேட்டிருந்தாலோ அந்த ஆறு மாதம் மிஞ்சியிருக்கும். மருந்துக்கடைக்காரனுடைய அத்தைக்கே இந்தக் கதி என்பது இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

(காட்சி: அட்டையின் பின்புறம். எழுத்துக்களை நெருக்கமாகக் காட்டவும்.)

இப்போது உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மருந்தின் பெயர் மட்டும் இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா? எஸ்சிட்டலோபிராம் உடன் குளோனாசெபாம் என்று இரண்டு இருந்தால், தயவுசெய்து இந்தப் பகுதியை முழுதாகக் கேளுங்கள்.

குளோனாசெபாம் வேறு ஜாதி மருந்து. போட்ட அன்றைக்கே படபடப்பை அடக்கி, தூக்கத்தைக் கொடுக்கும். முதல் சில வாரம், அந்த முதல் மருந்து வேலை தொடங்கும்வரை, தாக்குப்பிடிக்க டாக்டர்கள் இதைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. பிறகு மெல்லக் குறைத்து எடுத்துவிட வேண்டியது. ஆனால் நடப்பது என்ன? போட்டதும் தூக்கம் வருகிறதே, இதுதான் நல்ல மாத்திரை என்று பலர் மறுபடி டாக்டரைப் பார்ப்பதே இல்லை. நாலு வருடத்துக்கு முந்தைய சீட்டை, மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய சீட்டை, என் மேசையில் நீட்டியவர்கள் உண்டு. நான் கொடுக்க மாட்டேன் என்றால் கோபம் வரும். அடுத்த கடைக்குப் போவார்கள்.

பழக்கமாகிவிடும் என்று எல்லாரும் பயப்படுவது மனச்சோர்வு மருந்தைப் பார்த்து. உண்மையில் அடிமையாக்கும் தன்மை இருப்பது கூட இருக்கிற குளோனாசெபாமுக்கு. நாளாக ஆக அதே தூக்கத்துக்கு அளவு கூட்டச் சொல்லும். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ரெட்டை மாத்திரையை நீங்களாக விடவும் வேண்டாம், வருடக்கணக்கில் நீங்களாகத் தொடரவும் வேண்டாம். சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் "இதில் இரண்டாவது மருந்து எனக்கு இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள்.

அதோடு மது. இங்கிருந்து பாண்டி 22 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் எதற்குப் போகிறார்கள் என்பது தெரிந்த கதை. குளோனாசெபாம் போட்டுவிட்டு குடித்தால் மூச்சே மந்தமாகி நின்றுபோக வாய்ப்பிருக்கிறது. வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. குளோனாசெபாம் இல்லாத மாத்திரையானாலும், மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடும்போது மது அதே சோர்வைத் திரும்பக் கூட்டிவரும்.

அடுத்தது யாரும் வாய்திறக்காத விஷயம். கடையில் மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்று, பல்பொடி விலையெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தாம்பத்தியத்தில் ஆசை குறைந்துவிட்டது, உச்சம் எட்டவே மாட்டேன் என்கிறது. ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. இது உங்கள் உடம்பின் குறையோ மனைவி மேல் வெறுப்போ இல்லை. இந்த வகை மருந்துகளின் தெரிந்த பக்கவிளைவு, அபூர்வமும் இல்லை. குமட்டலைப் போல் தானாகப் போய்விடும் என்றும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வழி இருக்கிறது: டாக்டர் அளவைக் குறைக்கலாம், மிர்ட்டசபின், புப்ரோபியான் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். அவருக்கு இது தினமும் கேட்கிற விஷயம்தான்.

(காட்சி: ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பல அட்டைகள்: பிரஷர், மூட்டுவலி, இருமல் மருந்து.)

சரி, அட்டையோடு ஏன் தருகிறேன் என்ற கேள்விக்கு வருகிறேன்.

ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களும் இதே பம்ப் மூலம்தான் செரட்டோனினைச் சேமிக்கின்றன. பம்ப் அடைபட்டால் ரத்தம் உறைவது கொஞ்சம் மந்தப்படும். இந்த மாத்திரை மட்டும் என்றால் பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இதயத்துக்கு ஆஸ்பிரின் என்று சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதாரண வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகுவலிக்கு டிரமடால், வறட்டு இருமல் சிரப்பில் இருக்கிற டெக்ஸ்ட்ரோமெத்தார்பான், லைனசோலிட் என்கிற கிருமிக்கொல்லி. இவை இந்த மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறலாம். உடம்பு உதறும், வியர்த்துக் கொட்டும், காய்ச்சல் ஏறும், தசை விறைக்கும், பேச்சு குழம்பும். புது மருந்து சேர்த்த ஒன்றிரண்டு நாளில் இப்படி ஆனால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எலும்பு டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் "நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடியது இது. மறைத்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தைக்கு வருகிறேன். ஆறு மாதம் கழித்து மறுபடி தொடங்கினார், பாதி அளவில். இந்த முறை வயிறு அடங்கியது. மூன்றாவது வாரம், கத்திரி வெயில் நேரம், ஒருநாள் காலையில் மகனைப் பார்த்து மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நடை தள்ளாடியது. வாந்தி. வெயில், வயசு, மறதி என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மருமகள் உளுந்து டப்பாவிலிருந்து அட்டையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அந்த அட்டையைப் பார்த்தார், பிரஷர் மாத்திரை அட்டையையும் பார்த்தார், உடனே ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொன்னார். 135-க்கு மேல் இருக்க வேண்டியது 119 இருந்தது.

மனச்சோர்வு மாத்திரை வயதானவர்களுக்குச் சில சமயம் உடம்பில் தண்ணீரைத் தேக்கி சோடியத்தைக் குறைத்துவிடும். கூடவே சிறுநீர் பிரிக்கிற பிரஷர் மருந்து இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். உங்கள் வீட்டு பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் எச் என்றோ சிடி என்றோ எழுத்து இருந்தால், பெரும்பாலும் அந்த வகைதான். 60 வயது தாண்டியவர்களுக்குத் தொடங்கிய சில வாரத்தில் ஒரு சோடியம் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களாகவே கேளுங்கள்.

அன்றைக்கு அந்த மாத்திரைகள் பொட்டலத்தில் இருந்திருந்தால், எட்டு வெள்ளை மாத்திரைகளைப் பார்த்து எந்த டாக்டரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதனால்தான் பிரித்துத் தருவதில்லை. அஞ்சு மாத்திரை கேட்டாலும், பெயர் இருக்கிற பக்கத்தைச் சேர்த்துத்தான் வெட்டிக் கொடுப்பேன்.

(காட்சி: கல்லூரிப் பையோடு ஒரு இளைஞன், தூரத்தில் வெள்ளி கடற்கரை.)

வீட்டில் 25 வயதுக்குக் கீழே யாராவது தொடங்கினால், முதல் சில வாரம் பக்கத்தில் இருங்கள். சிறுவர்கள், பதின்வயதினரில் சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் மருந்துக் குறிப்புத் தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. 2007-ல் அதை 24 வயதுவரை நீட்டியது. இதைக் கேட்டு மருந்தே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள், சிகிச்சை இல்லாத மனச்சோர்வும் உயிருக்கு ஆபத்துதான். ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, புதிதாக எரிச்சல், "நான் இல்லாட்டி நல்லது" என்கிற பேச்சு, இவை தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை வேறொருவர் கையில் வைத்திருந்து தினமும் ஒன்று கொடுப்பது நல்லது. முக்கியமாக அமிட்ரிப்டிலின் என்கிற பழைய வகை மனச்சோர்வு மருந்து, அது அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு. தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம், ஓயாத பேச்சு, கண்டபடி செலவு. குணமாகிவிட்டான் என்று சந்தோஷப்படாதீர்கள். இருமுனைக் கோளாறு, அதாவது மனசு சில காலம் சோர்விலும் சில காலம் அளவு மீறிய உற்சாகத்திலும் இருக்கிற நோய், உள்ளவர்களுக்கு இந்த மருந்து தனியாகக் கொடுத்தால் இப்படித் திரும்பலாம்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் பலர். நிறுத்தாமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். தொடர்வதா, மாற்றுவதா என்பதை அவர் சொல்லட்டும். ஒருவேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம்.

கடைசியாக நிறுத்துவது. நன்றாகிவிட்டதே, இனி எதற்கு என்று விடுகிறவர்கள்தான் அதிகம். முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு, நன்றானபின்னும் 6 முதல் 9 மாதம் தொடரச் சொல்வது வழக்கம். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு 2 வருடமோ அதற்கு மேலோ. சட்டென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலை சுற்றும், தலைக்குள் மின்சாரம் சுள்ளென்று பாய்ந்த மாதிரி இருக்கும், கெட்ட கனவு, எரிச்சல், ஜுரம் வருகிற உணர்வு. பராக்செட்டின், வென்லாஃபாக்சின் இரண்டிலும் இது கடுமை. ஃப்ளூவாக்செட்டின் உடம்பில் ரொம்ப நாள் தங்குவதால் குறைவு. நோய் திரும்புவது இப்படி இரண்டே நாளில் வராது, வாரக்கணக்கில் மெல்ல வரும். அந்த வித்தியாசம் தெரிந்தால் வீண் பயம் இருக்காது.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூரில் மரங்கள் சாய்ந்து ரோடெல்லாம் அடைபட்டு, பல நாள் கரண்ட் இல்லை. பாண்டியில் இருக்கிற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை பஸ் ஏறிப்போய் மாத்திரை வாங்குகிறவர்கள் அப்போது என்ன செய்திருப்பார்கள்? ஐப்பசி பிறந்ததும் 10 நாள் மாத்திரை கையிருப்பு இருக்கும்படி டாக்டரிடம் சொல்லி வாங்கிவிடுங்கள். ஈரம் படாத டப்பாவில், சீட்டின் நகலோடு வையுங்கள்.

அத்தைக்கு பிரஷர் மருந்தை மாற்றினார்கள், செர்ட்ராலினுக்குப் பதில் மிர்ட்டசபின் வந்தது. ஒன்பது மாதம் சாப்பிட்டார். இப்போது டாக்டர் சொன்னபடி குறைத்துக்கொண்டு வருகிறார். சமையல்கட்டில் காலண்டரில் அரை மாத்திரை நாளுக்கு அரை வட்டம், முழு நாளுக்கு முழு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். உளுந்து டப்பாவில் உளுந்து மட்டும்தான் இருக்கிறது.

(காட்சி: திரையில் 14416 என்ற எண்.)

இரவு நேரத்தில் பயமோ சந்தேகமோ வந்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி மையம் இருக்கிறது, எண் 14416. 24 மணி நேரமும், தமிழிலேயே, இலவசம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பெயரும் மில்லிகிராமும் தடுமாறாமல் சொல்லலாம்.