கட்சிக்காரரின் பணமும் சொலிசிட்டர் சங்கத்தின் பொறுப்பும்

அவையோருக்கு வணக்கம்.

அயர்லாந்தில் வழக்கறிஞர் தொழில் இரு கிளைகளாக இயங்குகிறது. உயர் நீதிமன்றங்களில் எழுந்து வாதாடுவது பெரும்பாலும் பாரிஸ்டரின் பணி. வீடு வாங்குவோரும், உயில் எழுதுவோரும், விபத்துக்கு இழப்பீடு கோருவோரும் முதலில் நாடிச் செல்வது சொலிசிட்டரின் அலுவலகத்தை. அந்தச் சொலிசிட்டர்களின் தொழிலமைப்பே அயர்லாந்துச் சட்டச் சங்கம். 1830இல் தோன்றி 1852இல் அரச சாசனம் பெற்ற இச்சங்கம், 1978 முதல் டப்ளினின் பிளாக்ஹால் பிளேஸில், முன்னர் பள்ளியாக விளங்கிய பழைய கட்டடம் ஒன்றில் இயங்கிவருகிறது. தொழிலுக்கு வருவோரைப் பயிற்றுவித்தல், பதிவேட்டில் சேர்த்தல், ஆண்டுதோறும் தொழில்புரியச் சான்றிதழ் வழங்குதல், உறுப்பினர்களின் குரலாக அரசிடம் பேசுதல் என இதன் பணிகள் பல. அவற்றுள் கட்சிக்காரரின் பணத்தைக் காக்கும் கடமை ஒன்றைப் பற்றியே இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

ஒரு குடும்பம் வீடு வாங்கும்போது அதன் வாழ்நாள் சேமிப்பும் வங்கிக் கடனும் சொலிசிட்டரின் கட்சிக்காரர் கணக்கு வழியாகத்தான் விற்பவரைச் சென்றடைகின்றன. அந்தக் கணக்கிலுள்ள பணத்தைச் சொலிசிட்டர் தம் சொந்தப் பணத்துடன் கலக்கக்கூடாது. ஆண்டுதோறும் கணக்காளரின் அறிக்கையைச் சங்கத்திடம் அளிக்க வேண்டும். சங்கத்தின் ஆய்வாளர்கள் அலுவலகத்துக்கே வந்து ஏடுகளைப் பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் நேர்மை தவறிப் பணத்தைக் கையாடினால், கட்சிக்காரரின் இழப்பைச் சங்கத்தின் இழப்பீட்டு நிதி சட்ட வரம்புக்கு உட்பட்டு ஈடுசெய்கிறது. அந்த நிதிக்குப் பணம் தருபவர்கள் தொழிலிலுள்ள சொலிசிட்டர்களே. கார்க் நகரில் ஒருவர் செய்த திருட்டுக்குக் கால்வேயில் நேர்மையாகத் தொழில்புரியும் ஒருவரும் தம் பங்கைச் செலுத்துகிறார். இந்தக் கூட்டுப் பொறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதற்குக் கடும் சோதனை 2007இல் வந்தது. அடமானத்தை முறைப்படி பதிவு செய்து தருவதாகச் சொலிசிட்டர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை நம்பியே அயர்லாந்து வங்கிகள் கடன் தொகையை விடுவித்து வந்தன. டப்ளின் சொலிசிட்டர்கள் இருவர், ஒரே சொத்தைக் காட்டிப் பல வங்கிகளிடம் தங்களுக்கே கடன் பெற்றிருந்தது அவ்வாண்டில் வெளிப்பட்டது. இருவரும் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். தமக்கு உரிமைப் பங்குள்ள வணிகச் சொத்துக்குச் சொலிசிட்டர் வங்கியிடம் உறுதிமொழி தருவதை 2010இன் விதிகள் தடைசெய்தன. என் பார்வையில் இது தாமதமாக வந்த விதி. கடன் தாராளமாகப் பெருகிய ஆண்டுகளிலேயே வந்திருக்க வேண்டும்.

உறுப்பினருக்காகப் பேசும் சங்கமே உறுப்பினரைத் தண்டிக்கலாமா என்பது இதனோடு பிணைந்த பழைய கேள்வி. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரத்தை 1954ஆம் ஆண்டின் சட்டம் சங்கத்தின் ஒழுங்குக் குழுவுக்கே அளித்திருந்தது. ஒருவரின் வாழ்வாதாரத்தையே பறிக்கும் அச்செயல் நீதி வழங்கலாகும், அதை நீதிபதி அல்லாதோர் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று 1958இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1960ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. ஆயினும் புகார்களைப் பெறும் வேலை சங்கத்திடமே தங்கியது. சங்கத்தைச் சாராத சுயேச்சையான கண்காணிப்பு வேண்டுமென்று, வணிகப் போட்டியைக் காக்கும் அரசு அமைப்பான போட்டி ஆணையம் 2006இல் பரிந்துரைத்ததும், 2010இல் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நாணய நிதியமும் அயர்லாந்துக்குத் தந்த கடனுதவிக்கு அதையே நிபந்தனையாக்கியதும் சேர்ந்து 2015ஆம் ஆண்டின் சட்டத்துக்கு வழிவகுத்தன. 2019 அக்டோபர் முதல் புகார்களைத் தனி ஒழுங்குமுறை ஆணையமே பெறுகிறது. இது சரியான மாற்றம். சொலிசிட்டரால் பாதிக்கப்பட்டவர், அவருடைய சங்கத்திடமே போய் முறையிட வேண்டியிருந்த நிலை எத்தனை நேர்மையான விசாரணையையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

ஆனால் பணக் கணக்குகளின் மேற்பார்வையும் இழப்பீட்டு நிதியும் இன்றும் சங்கத்திடமே உள்ளன, அவை அங்கேயே இருப்பது நல்லது என்பது என் துணிபு. கையாடல் நடந்தால் தம் சொந்தப் பணத்தால் ஈடுகட்ட வேண்டியவர்களைவிடக் கூர்ந்து கணக்குப் பார்ப்பவர்கள் யார்? அவர்களின் கண்காணிப்பு சலுகையாகத் தளர்வதற்குக் காரணம் குறைவு. அந்த மேற்பார்வைக் குழுவில் சொலிசிட்டர் அல்லாதோரும் இப்போதே அமர்கிறார்கள். அவர்களின் எண்ணிக்கை இன்னும் கூட வேண்டும் என்றும், ஆய்வுகளில் கண்ட குறைகளைச் சங்கம் ஆண்டுதோறும் பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் விரிவாக வெளியிட வேண்டும் என்றும் நான் வலியுறுத்துகிறேன்.