மறுகா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

மனதில் நிற்பது குறுங்கதையா, நெடுங்கதையா? எதிரணித் தம்பி, வடமோடிக் கூத்து விடியவிடிய ஆடுவதைச் சொல்லி, நம்மட மட்டக்களப்பு மண்ணே நீளத்தின் பக்கம் என்றார். நானும் களரிக்கு முன்னால் பாய் விரித்துக் கிடந்தவன்தான் தம்பி. நடுச்சாமத்தில் எத்தனை தலை சாய்ந்து கிடந்தது என்பதையும் சொல்லியிருக்கலாமே!

அதே மண்ணின் நாட்டார் கவியை ஏன் விட்டுவிட்டார்? கிழட்டு மாப்பிள்ளையைப் பார்த்து ஒருத்தி சொல்கிறாள்: கச்சான் காற்று அடித்த காட்டில் மரம் நிற்பதுபோல உச்சியில் நாலு மயிர். அவ்வளவுதான். அவள் தலை விதியும் அவன் தலைமயிரும் ஒரே மூச்சில் முடிந்தது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டுக்கு வாருங்கள். கபிலர் பாடியது, ஐந்தே அடி. களவில் கூடியவன் வரவில்லை. அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. சாட்சி ஆர்? தினைத்தாள் போன்ற காலோடு நின்ற ஒரு குருகு. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது! நம்மட வாவிக்கரையில் கொக்கு நிற்பதைப் பார்த்தவருக்கு உரையாசிரியர் தேவையில்லை. அதன் கண் மீனில் இருக்கும். பக்கத்தில் ஆர் ஆருக்குச் சத்தியம் பண்ணினாலும் அதற்கென்ன? இருந்த ஒரே சாட்சியும் குருட்டுச் சாட்சி. அவன் திரும்பி வந்தானா? கபிலர் எழும்பிப் போய்விட்டார்.

அம்மம்மா கதையை நிறுத்தினால் "மறுகா?", பிறகு என்ன, என்று கேட்போமே, அந்தக் கேள்விக்கு நாவல் தானே பதில் சொல்லிவிடும். குறுங்கதை நம்மைப் பிடித்துச் சொல்லவைக்கும்.

கடைசி வரியில் "அவள் பேய்" என்று முடிகிற துணுக்குகளுக்காக நான் வாதாட வரவில்லை. அவை விடுகதை, விடை தெரிந்தால் தீர்ந்தது.

நான் எழுதிய ஒன்றைக் கேளுங்கள்: "ஒவ்வொரு ராவும் அம்மா ஒரு பீங்கான் கூடுதலாக வைப்பா. இண்டைக்கு அதைக் கழுவி மேல்தட்டில் கவிழ்த்தா."

முன்வரிசையில் ஒரு அக்கா கண்ணைத் துடைக்கிறா. அவவுக்கு அந்தப் பீங்கான் ஆருடையது என்று நான் சொல்லவேயில்லை.

மணியில் கை வைக்கிறீங்க நடுவரே. எனக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கு. அதை எதிரணித் தம்பிக்குக் கொடுங்க, அவருக்குத்தான் பத்தாது.