மயில்கழுத்து நிறம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று காலை ஒன்பது மணிவரை ஒரு கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, நேராக இந்த நிலையத்துக்கு வந்திருக்கிறேன். நான் கோயம்புத்தூரில் விளம்பரப் புகைப்படக்காரன். கல்யாணங்களுக்குப் போவதில்லை. பம்புசெட், மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர், சிறுமுகைப் பட்டு என்று இந்த வட்டாரம் எதைச் செய்து விற்கிறதோ, அதைப் படமெடுத்துப் பிழைக்கிறேன். எனக்கு முதலாளி கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது.

கிரைண்டரை ஏன் அத்தனை நேரம் துடைக்க வேண்டும்? எவர்சில்வர் உருளை தன் எதிரே நிற்கும் எல்லாவற்றையும் தனக்குள் வாங்கிக்கொள்ளும். சன்னல் கம்பி, ட்யூப்லைட், நான் போட்டிருக்கும் கட்டம்போட்ட சட்டை எல்லாம் அதில் தெரியும். ஒரு விரல் ரேகை பட்டால் படத்தில் அது கறையாகப் பெரிதாகிவிடும். அதனால் பருத்தித் துணியால் துடைத்து, பட்டர் பேப்பரால் கூடாரம்போல மூடி, லென்ஸ் நுழைய மட்டும் வழி விட்டு, வெளியிலிருந்து விளக்கைப் போடுகிறேன். இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தினால்தான் உருளையின் ஓரம் வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோகாமல் நிற்கும். அமேசானில் பொருளின் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும்; பொருள் படத்தில் 85 சதவீதத்தையாவது நிறைக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டரை மணி நேரம் போகிறது. ஷட்டர் திறந்து மூடுவது ஒரு நொடியில் சிறு பங்கு. "ஒரு போட்டோவுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்கள் அந்த நொடியை மட்டுமே பார்க்கிறார்கள்.

கிரைண்டராவது பரவாயில்லை, பொறுமை இருந்தால் வசப்பட்டுவிடும். பட்டுப் புடவைதான் என்னைத் தூங்கவிடாதது. நம் பெண்கள் நிறத்துக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம். ஒவ்வொன்றும் கேட்பவர் மனத்தில் துல்லியமாக இருக்கிறது. கேமராவுக்கோ அந்தப் பெயர்கள் தெரியாது. மலிவான எல்.இ.டி. விளக்கில் ஆழ்ந்த சிவப்புக் கதிர் குறைவு. அதன் கீழே வைத்தால் அரக்கு காப்பிப்பொடி நிறத்துக்கு இறங்கிவிடும். நிறத்தைச் சரிபார்க்க 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டை ஒன்றை முதல் படத்தில் புடவையோடு சேர்த்து எடுக்கிறேன். அதை வைத்துத்தான் பிறகு கணினியில் நிறத்தை நேர்செய்ய முடியும்.

எல்லாவற்றிலும் கடினமானது மயில்கழுத்து. பாவில், அதாவது நீளவாட்டு நூலில், நீலம்; ஊடையில், அதாவது குறுக்கு நூலில், பச்சை. புடவையை அசைத்தால் ஒரு நிறம் எழும்பும், இன்னொன்று அடங்கும். அது நெசவாளியின் கெட்டிக்காரத்தனம். ஆனால் படம் அசையாது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு புடவையை நேர் எதிரே விளக்கு வைத்து எடுத்துவிட்டேன். படத்தில் வெறும் நீலமாக வந்தது. மதுரையில் ஒரு பெண் மகளின் நிச்சயத்துக்கு அதைப் பார்த்து வாங்கினாராம். பிரித்துப் பார்த்தபோது பச்சை தெரிந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார். கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. புடவையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. தறியில் பல நாள் உட்கார்ந்து நெய்ததை நான் ஒரு கோணத்தில் பொய்யாக்கியிருந்தேன்.

இப்போது மயில்கழுத்து வந்தால் விளக்கை மேலிருந்து சாய்வாக இறக்குகிறேன். விரித்து ஒன்று, மடிப்பு வைத்து ஒன்று, முந்தானையை ஒருவர் கையில் ஏந்தி அசைக்கும் சிறு காணொளி ஒன்று. நாளுக்கு இருபது புடவை எடுத்த இடத்தில் பன்னிரண்டுதான் முடிகிறது. "கொஞ்சம் பளிச்சென்று ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்கும் கடைகளுக்கு நான் ஏற்றிக் கொடுப்பதில்லை. அதனால் இரண்டு வாடிக்கைகளை இழந்திருக்கிறேன். வருத்தம்தான், ஆனால் அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொலைவில் இருக்கும் ஒருவர் தொட்டுப் பார்க்க வழியில்லாமல் என் படத்தை நம்பிப் பணம் கட்டுகிறார்.

எங்கள் நாட்காட்டி எப்போதும் ஒரு பருவம் முந்தி ஓடும். ஆடித் தள்ளுபடிக்கு ஆனியில் எடுக்க வேண்டும். ஊர் தீபாவளிப் பலகாரம் சாப்பிடும்போது நான் தை முகூர்த்தப் புடவைகளுக்கு நடுவே இருப்பேன். மார்கழியில் வேலை மெலியும். அப்போதுதான் கணக்குகளைத் திறக்கிறேன். நிலுவைகள் என்னைப் பார்க்கும்.

பணத்தைப் பற்றி என்னைப் போன்ற தனித் தொழில்காரர்களுக்கு இரண்டு செய்தி சொல்ல வேண்டும். ஒன்று, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவருக்கு எழுத்தில் என்ன தவணை பேசியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவணை எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. இதைப் பில்லின் கீழே இரண்டு வரியாக அச்சடித்த பிறகு எனக்கு வரவு கொஞ்சம் சீரடைந்தது.

மற்றொன்றை நான் நொந்து கற்றுக்கொண்டேன். துண்டறிக்கைக்கு என்று பேசி எடுத்துக் கொடுத்த படம், சில மாதங்களில் நெடுஞ்சாலையோரம் இருபது அடிப் பலகையில் நின்றது. போய்க் கேட்டேன். "பணம் கொடுத்தாயிற்றே" என்றார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு அவர்கள் பக்கம்தான் இருந்தது: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணத்துக்காக எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. நான் ஒரு வரிகூட எழுதி வாங்கியிருக்கவில்லை. இப்போது எந்த வேலைக்கும் முன்னால், படம் எங்கே, எத்தனை காலம் பயன்படும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். பழகிய கடைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு, பெரிய அளவுக்கு வேண்டுமென்றால் தாங்களே முன்கூட்டிக் கேட்கத் தொடங்கினார்கள்.

நாளைக் காலை சிறுமுகையிலிருந்து ஒரு நெசவாளி நான்கு புடவைகள் கொண்டுவருகிறார். கடை வழியாக அல்லாமல் தானே விற்றுப் பார்க்கப்போகிறார். அவர் வந்ததும் விளக்கைப் போடமாட்டேன். வடக்குச் சன்னலோரம் புடவையைப் பிரிக்கச் சொல்லி, இருவரும் பார்ப்போம். எடுத்து முடித்ததும் கணினித் திரையின் பக்கத்தில் அவரே புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போன முறை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஊடை கொஞ்சம் அடங்கியிருக்குதுங்க" என்றார். விளக்கை ஒரு சாண் இறக்கி மறுபடி எடுத்தேன்.