நாலு படி முங்கிய ஊருணி

(சிவகங்கை மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் இந்த ஆண்டுப் பணிகளைத் தொடங்கி வைத்துப் பேசியது.)

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, திட்ட அலுவலர் தம்பி அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, என் அன்புக்குரிய பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஊராட்சித் தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். போன மாதம் நான் கேட்டதும், இந்த ஊர் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வழியைக் காட்ட, வேகாத வெயிலில் ஒரு மணி நேரம் என்னோடு நடந்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் மோர் ஏற்பாடு செய்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் இதே பள்ளியில் படித்தவர். அவர் பெரிய மனசுக்கு என் வணக்கம். தலைமையாசிரியர் அம்மா இரண்டு பாடவேளைகளை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் அது சின்ன விஷயமல்ல.

மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இந்தத் திட்டத்தில் ஏன் சேர வேண்டும். சேர்ந்த பிறகு முடிவெடுப்பது யார். சான்றிதழை என்ன செய்வது. மூன்றுக்கும் முன்னால் ஒரு பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பத்தா ஓயாமல் சொன்னது: அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு சமயம். 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. கல்லூரிக்கென்று வந்தது, பிறகு மேல்நிலை வகுப்புக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். "படிப்பு கெட்டுப் போகாதா சார்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். 120 மணி நேரத்தை 52 வாரத்துக்குப் பிரித்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டேகால் மணி நேரம் சொச்சம்தான்.

இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், பசுமைப் படை என்று வேறு அமைப்புகளும் உண்டு. ரோட்டரியின் இன்டராக்ட் சங்கம் 1962-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பிறந்தது. கொஞ்ச நாளிலேயே நம் தஞ்சாவூரிலும் அதற்கு ஒரு சங்கம் வந்துவிட்டது. எதில் சேர்ந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, முடிவெடுப்பது யார்? இங்கேதான் ஒரு கதை சொல்ல வேண்டும்.

1997. நான் அப்போது வேறொரு பள்ளியில் திட்ட அலுவலர். காலாண்டு விடுமுறையில் ஒரு கிராமத்தில் முகாம். ஏழு நாளும் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு வெள்ளையடிப்பது என்று நானே முடிவு செய்து, சுண்ணாம்பும் வாங்கி வைத்துவிட்டேன். முதல் நாள் மாலைக் கூட்டத்தில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். "ஐயா, இந்த ஊர் அம்மாக்கள் குடிதண்ணிக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்குறாங்க. நாம சுவத்துக்கு வெள்ளையடிச்சா அவங்களுக்குத் தண்ணி வருமா?"

கூட்டத்தில் சத்தமே இல்லை. எனக்கும் பதில் இல்லை. "சரிம்மா, என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் அவளும் இன்னும் மூன்று பேரும், காய்ந்து கிடந்த ஊருணியில் தொடங்கி, அதற்கு மழைத்தண்ணீர் கொண்டு வரும் வாய்க்காலான வரத்துக்கால் வழியே மேற்கே நடந்திருக்கிறார்கள். வரைபடத்தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் கொண்டு வந்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. ரோட்டுப் பாலத்துக்கு அடியில் மண். அதற்கு மேலே சீமைக் கருவேல மரம். மூன்றாவது, ஒரு பெரியவரின் வைக்கோல் படப்பு, வாய்க்காலின் குறுக்கே!

மண்ணை அள்ளிவிட்டோம், மரத்தை வெட்டிவிட்டோம். படப்பை எடுக்கப் பெரியவர் சம்மதிக்கவில்லை. "எங்க அப்பன் காலத்துப் படப்பு, எவனும் கை வைக்கக் கூடாது" என்று விரட்டினார். நான் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றேன். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனார்கள். முதல் நாள் திட்டு. இரண்டாம் நாள் அவர் மாட்டைப் பிடித்துக் கட்டக் கை கொடுத்திருக்கிறார்கள், திட்டு இல்லை. மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மா காப்பித் தண்ணி கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் பெரியவரே கேட்டார்: "படப்பை எங்கே தூக்கி வைக்கணும்ங்கிறீங்க?"

அடிமேல் அடி, பிள்ளைகளே! அம்மி நகர்ந்தது. ஐம்பது பேரும் வரிசையாக நின்று, கட்டுக் கட்டாகக் கைமாற்றி, ஒரே முற்பகலில் படப்பை மேட்டுக்கு மாற்றினார்கள். ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி தண்ணீர் வந்திருக்கிறது. அரிக்கேன் விளக்கோடு ஊரே கரையில் நின்றதாம். அந்தப் பெரியவர் யாரையோ எழுதச் சொல்லி எனக்கொரு அஞ்சலட்டை போட்டார்: "படித்துறையில் நாலு படி முங்கிவிட்டது. பிள்ளைகளிடம் சொல்லவும்." அந்த அட்டை இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

ஆசிரியர் வேலையைச் சொல்லி, மாணவர் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டு போவது சேவைச் சங்கம் ஆகாது. செயலாளரை மாணவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். தீர்மானப் புத்தகத்தை மாணவர் எழுதட்டும். தவறான முடிவானாலும் அவர்கள் எடுக்கட்டும். திட்ட அலுவலர் தம்பி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவரும் இப்படித்தான் நடத்துகிறார்.

இப்போது என் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். எங்கே போனாலும் இதைத்தான் கேட்கிறேன்: முதலில் வரத்துக்காலைச் சரிசெய்யுங்கள். "ஊருணி நீர்நிறைந் தற்றே" என்று வள்ளுவர் உவமை சொன்ன ஊருணிகள் நம் சிவகங்கைச் சீமை முழுக்க இருக்கின்றன. பல இடங்களில் இயந்திரத்தை விட்டு ஆழமாகத் தோண்டிவிடுகிறார்கள். கரையில் நடைபாதை போடுகிறார்கள், பலகை வைக்கிறார்கள். தண்ணீர் வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை. வரத்துக்கால் அடைபட்ட ஊருணியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது வெறும் பள்ளம்தான். கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். கட்டையை விட்டால் திரும்பத் துளிர்க்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும். புரட்டாசிக்குள் வேலை முடிய வேண்டும்.

இந்த ஊர் வரத்துக்காலில் நானும் தலைவரும் பார்த்தவரை ஐந்து இடத்தில் அடைப்பு. எதை முதலில் எடுப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்களே நடந்து பார்த்து, படம் வரைந்து, கூட்டம் போட்டு முடிவு செய்யுங்கள். சான்றிதழைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், நேரமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஊருணிக் கரை ஆலமரத்தடியில் நான் இருப்பேன். மம்பட்டியும் சட்டியும் ஊராட்சியில் தருகிறார்கள். முழுக்கைச் சட்டையும் செருப்பும் போட்டு வாருங்கள், கருவேல முள் பொல்லாதது. வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். வணக்கம்.