விமானம் தாங்கிக் கப்பலைத் தனியாக அனுப்பாதீர்கள்

(ராயபுரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நம் கடற்படைக்கு மூன்றாவது விமானம் தாங்கிக் கப்பல் வேண்டும் என்று கேட்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1942 ஏப்ரலில் மூட்டை முடிச்சோடு மதராஸே ஊரைக் காலி செய்து கிளம்பிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த ஏப்ரலில் இங்கே குண்டு எதுவும் விழவில்லை. வங்காள விரிகுடாவில் ஜப்பானின் விமானம் தாங்கிக் கப்பல்கள் வந்துவிட்டன என்ற சேதியே போதுமாக இருந்தது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்ட விமானங்கள் அப்படியொரு கப்பலிலிருந்து கிளம்பியவைதான். விமானதளத்தையே எதிரியின் வாசலுக்குக் கொண்டுபோய்விடுகிற கப்பல் அது.

மூன்றே நாளில் அதன் பலவீனமும் தெரிந்தது. மட்டக்களப்புக் கடலில் பிரிட்டனின் ஹெர்மீஸ் மூழ்கியது. பெயர்தான் விமானம் தாங்கி, அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. உடன் காவலுக்கு வந்த வாம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் (‘டிஸ்ட்ராயர்’ என்கிற வேகமான போர்க்கப்பல்) சேர்ந்தே போயிற்று.

1971-ல், பாகிஸ்தானோடு போர் நடந்த ஆண்டில், நம் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தின் கொதிகலனில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. அதைத் தேடி பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வந்தது. நம்மவர்கள் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்தார்கள். ராஜ்புத் என்ற பழைய நாசகாரியை விக்ராந்த் போல வயர்லெஸ்ஸில் பேச வைத்தார்கள். காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. விக்ராந்தின் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

சரி, செயற்கைக்கோளும் தொலைதூர ஏவுகணையும் வந்தபிறகு இப்படி ஒளிய முடியுமா? 2022-ல் கடற்படையில் சேர்ந்த புது விக்ராந்தின் வேகம் 28 நாட், அதாவது மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்த படம் கையில் இருந்தால், அதற்குள் அது 52 கிலோமீட்டர் நகர்ந்திருக்கலாம், எந்தத் திசையிலும். தேட வேண்டிய பரப்பு ஏறத்தாழ இருபது சென்னை மாநகரம்! ஆனால் ட்ரோன் ஒன்று விடாமல் பின்தொடர்ந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது கப்பலைக் காப்பாற்றுவது சுற்றி வரும் துணைக் கப்பல்கள்தான்.

அதனால்தான் சொல்கிறேன்: மூன்றாவது விமானம் தாங்கிக் கப்பலைக் கேட்கிறவர்கள் அதோடு போகப்போகும் நாசகாரிகளையும் நீர்மூழ்கிகளையும் நீர்மூழ்கி வேட்டை ஹெலிகாப்டர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், என் ஓட்டு முதலில் துணைக் கப்பல்களுக்கு. பெரிய கப்பல் அப்புறம் வரட்டும்.